உப்பு விற்றவர் உப்புக்காகச் சிறை புகுந்தார்

சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை வரலாறு

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே கூத்தாநல்லூர் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் நஞ்சை நிலம். காவிரியின் கிளைகள் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீரில் நெல் விளைகிறது. வரப்பில் உளுந்தும் பயறும் விளைகின்றன. கொல்லையில் வாழையும் தென்னையும் நிற்கின்றன. ஆனால் சோற்றுக்கு வேண்டிய ஒரு பொருள் மட்டும் இந்தச் செழிப்பான மண்ணில் விளைவதில்லை. அதுதான் உப்பு.

நெல் நாட்டுக்கு உப்புக் கொடுக்கும் ஊர், தென்கிழக்கே கடலோரத்தில் உள்ள வேதாரண்யம். அங்கே நெல் அரிது, உப்பு மலிவு. இங்கே உப்பு இல்லை, நெல் மிகுதி. ஆகவே மேற்கே உப்பும் கிழக்கே நெல்லும் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பண்டமாற்று நேற்று வந்ததல்ல. உமணர் எனப்பட்ட உப்பு வணிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றதையும், உப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றிவந்ததையும் சங்க இலக்கியங்கள் சொல்லுகின்றன.

இப்படிப்பட்ட உப்பு வணிகக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர், அந்த உப்பாலேயே செல்வம் பெற்றவர், பின்னர் அந்த உப்புக்காகவே செல்வத்தையும் சுதந்திரத்தையும் இழக்கத் துணிந்தார். அவர்தான் சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

தாயுமானவர் மரபு

வேதாரண்யத்துக்குத் தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. அடைத்துக் கிடந்த கோயில் கதவை அப்பரும் சம்பந்தரும் பாடித் திறக்கவும் மூடவும் செய்தார்கள் என்பது அவ்வூரின் பழைய வரலாறு. சிவன் கோயிலுக்குப் பக்கத்திலேயே சதுப்பு நிலம், அதையடுத்து உப்பளம், அதற்கப்பால் கடல். தெற்கே சென்றால் கோடிக்கரை. அங்கேதான் தமிழகத்தின் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, அப்பாக்குட்டி பிள்ளையின் மகனாக வேதரத்தினம் பிள்ளை இவ்வூரில் பிறந்தார். இவருடைய குடும்பம் தாயுமானவ சுவாமிகளின் மரபில் வந்தது. சைவப் பற்றும் தமிழ்ப் பற்றும் வீட்டிலேயே இருந்தன. அத்துடன் உப்பு வியாபாரமும் இருந்தது. செல்வாக்குள்ள குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. கணக்கைப் பார்த்துக்கொண்டு, சர்க்காருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்கும் குளத்துக்கும் தர்மம் செய்துகொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். பலர் அப்படித்தான் தள்ளினார்கள்.

ஆனால் அவருடைய இளமைக் காலம், காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். பிள்ளை அவர்கள் காங்கிரஸில் சேர்ந்தார். 1929-இல் தமிழ்நாடு மாகாண அரசியல் மாநாடு வேதாரண்யத்திலேயே கூடியது. பர்தோலி விவசாயிகளின் வரிகொடாப் போராட்டத்தில் வெற்றி கண்டு புகழ் பெற்றிருந்த சர்தார் வல்லபாய் படேல் அதற்குத் தலைமை வகித்தார். கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் இவ்வளவு பெரிய மாநாடு நடந்ததில் உள்ளூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்த ஊரின் பெயர் அடுத்த ஆண்டே தேசமெங்கும் பேசப்படப் போகிறது என்பதை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது.

உப்பளத்தின் வேலை

உப்பு எப்படி விளைகிறது என்பதை வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உவர் நீரைப் பாத்திகளிலே தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்சுகின்றன. நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்புச் சத்துகள் அடியில் தங்குகின்றன. பிறகு உப்பு படிகமாகத் திரள்கிறது. கசப்பான மக்னீசிய உப்புகள் கலந்த நீர் கடைசியில் எஞ்சி நிற்கும், அதை வடித்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புச் சத்துகள் உள்ளன. அவற்றில் முக்காற் பங்குக்கு மேல் சாப்பாட்டு உப்புதான்.

உழவனுக்கு மழை வேண்டும். உப்பளத்தானுக்கு மழை ஆகாது. பாத்தியில் உப்பு திரண்டிருக்கும்போது ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்து போகும். சுட்டெரிக்கும் வெயிலில், வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைப் பறிக்க, வெறுங்காலோடு உப்பு வாரிக் கரையேற்றுகிறவர்களின் பாடு சொல்லி முடியாது. கடலும் வெயிலும் இலவசம், உழைப்பு ஏழையினுடையது. இருந்தாலும் அந்த உப்பைச் சர்க்காரின் அனுமதியின்றித் தொட்டால் குற்றம் என்று சட்டம் சொல்லிற்று.

உடம்புக்கு ஏன் உப்பு?

இந்தச் சட்டத்தின் கொடுமையை அறிய வேண்டுமானால், உப்பு உடம்பில் என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

சாப்பாட்டு உப்பு, சோடியம், குளோரின் என்ற இரண்டு மூலப்பொருள்களின் சேர்க்கை. உப்பின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு சோடியம். இது வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய உலோகம். தண்ணீரில் போட்டால் சீறும். இதை முதன் முதலாக 1807-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி. குளோரினோ நச்சு வாயு. இந்த முரட்டுப் பொருள்கள் இரண்டும் கூடித்தான் சோற்றுக்குச் சுவை தரும் உப்பாகின்றன.

வளர்ந்த மனிதனின் உடம்பில் சுமார் 90 முதல் 100 கிராம் வரையில் சோடியம் இருக்கிறது. ஒரு பகுதி எலும்பில் இருக்கிறது. மற்றதில் பெரும் பகுதி இரத்தத்திலும், உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் கரைந்து நிற்கிறது. உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வெளியே சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை உடம்பு இரவும் பகலும் காத்து வருகிறது. வயலில் ஏற்றம் இறைப்பதுபோல, உயிரணுவின் சுவரில் உள்ள நுண்ணிய பொறி ஒன்று, ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியம் அணுக்களை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அணுக்களை உள்ளே இழுக்கிறது. இதை 1957-இல் கண்டறிந்து வெளியிட்ட டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கூவுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதற்காக இந்த ஓயாத இறைப்பு? கையை அசைக்க வேண்டுமென்று மூளை நினைத்தால், அந்தச் செய்தி நரம்பின் வழியே ஓடுகிறது. நரம்பில் மடை திறந்ததுபோல் வெளியே உள்ள சோடியம் நொடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்திற்குள் உள்ளே பாய்கிறது; அதுவே மின் துடிப்பாகி அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952-இல் இதைக் கணக்கிட்டு விளக்கினார்கள். தசை சுருங்குவதற்கும் இதயம் துடிப்பதற்கும் சோடியத்தின் உதவி வேண்டும். உடம்பில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதும் சோடியமே. அது குறைந்தால் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது, மிகுந்தால் பெருகுகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் உள்ள சோடியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மறுபடியும் இரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. சிக்கனமான குடும்பத்தலைவி அரிசியைக் கொழித்துக் கடைசி மணி வரை சேர்ப்பது போன்ற வேலை இது. சோடியம் குறைகிறது என்று கண்டால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை விட்டு இன்னும் சிக்கனம் செய்யச் சொல்லுகிறது.

ஆனால் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் சோடியத்தை உடம்பால் உண்டாக்க முடியாது. அது வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

சோறு தின்பவனுக்கு உப்பு அதிகம் வேண்டும்

வேட்டையாடி இறைச்சி தின்கிறவர்களுக்கு, அந்த இறைச்சியிலும் இரத்தத்திலுமே ஓரளவு சோடியம் கிடைத்துவிடும். அரிசியில் அது மிகமிகக் குறைவு. காய்கறிகளிலும் பருப்பிலும் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் கொஞ்சமே. ஆகவே நெல்லை நம்பி வாழும் காவிரி நாட்டான் தனியே உப்புச் சேர்த்துக்கொள்ளாமல் தீராது.

அதிலும் வயலில் வேலை செய்கிறவனின் நிலைமை வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் வரப்பு வெட்டுகிறவனும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளும் ஒரு நாளில் சில லிட்டர் வியர்வை சிந்துவார்கள். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போய்விடும். அதாவது இரண்டரை கிராம் உப்பு. இழந்ததை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உள்ள சோடியம் மேலும் நீர்த்துப் போகும். கெண்டைக்கால் இழுக்கும், தலை வலிக்கும், குமட்டும், மிஞ்சினால் புத்தி தடுமாறி மயக்கம் வரும்.

மருத்துவ நூல் படிக்காத நம் கிராமத்தார் இதற்கு வழி கண்டிருந்தார்கள். பழைய சோற்றில் நீராகாரம் ஊற்றி, கல் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாடோ, ஊறுகாயோ, மோர் மிளகாயோ இருந்தது. அது ருசிக்காக மட்டும் ஏற்பட்ட பழக்கமல்ல. வியர்வையில் போனதை வயிற்றின் வழியே திரும்பப் பெற்ற பழக்கம்.

இப்போது உப்பு வரியின் தன்மை விளங்கும். பட்டுக்கு வரி போட்டால் பட்டு உடுத்தாமல் இருக்கலாம். கள்ளுக்கு வரி போட்டால் குடியை விடலாம். உப்பை விடுவதற்கு உடம்பு இடம் கொடாது. அறையில் விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவனைவிட வெயிலில் வேலை செய்கிறவனுக்கே உப்பு அதிகமாக வேண்டும். ஆகையால் அந்த வரி, பணம் உள்ளவனைவிட வியர்வை உள்ளவனிடமே அதிகமாக வாங்கிற்று.

1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் உப்பு உற்பத்தியைச் சர்க்காரின் பிடிக்குள் வைத்தது. 1923-இல் மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்கள். எதிர்ப்புக் கிளம்பவே அடுத்த ஆண்டு பழைய அளவுக்கே குறைத்தார்கள். மணங்கு என்பது சுமார் 37 கிலோ. அப்போது கூலி அணாக் கணக்கில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் ஒன்றேகால் ரூபாயின் கனம் தெரியும்.

எந்தக் கடற்கரை?

1930 மார்ச் 12-ஆம் தேதி காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார். தமிழ்நாட்டில் அந்தப் போரை நடத்தும் பொறுப்பு ராஜாஜியிடம் வந்தது. தமிழகத்துக்குக் கடற்கரை நீளமானது. அதில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் வேதரத்தினம் பிள்ளைதான். அங்கே உப்பளம் உண்டு. மக்களிடம் செல்வாக்குள்ள ஒரு தலைவர் உண்டு. தொண்டர்கள் தங்க இடமும் உண்ண உணவும் ஏற்பாடு செய்யக்கூடிய கை உண்டு. இவற்றையெல்லாம் பிள்ளை அவர்கள் தாமே முன்வந்து அளித்தார்.

அவர் அளித்தது எத்தகையது என்பதைச் சிந்திக்க வேண்டும். சட்டத்தை மீறுகிறவர்களில் வக்கீல்கள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிறை சென்று திரும்பினால் தத்தம் தொழிலைப் பார்க்கலாம். உப்பு வணிகரின் நிலை அப்படியல்ல. அவருடைய தொழில் முழுவதும் உப்பு இலாகாவின் அனுமதியைப் பொறுத்தது. அந்தச் சட்டத்தை எதிர்ப்பது, தாம் அமர்ந்திருக்கும் கிளையைத் தாமே வெட்டுவது போலாகும். குடும்பமும் சொத்தும் இருந்த முப்பத்து மூன்று வயது மனிதர், எல்லாம் தெரிந்தே அதைச் செய்தார்.

நூற்றைம்பது மைல்

ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் ராஜாஜியின் தலைமையில் கிளம்பினார்கள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அந்த நடைக்கென்றே எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று காவிரி நாட்டை ஊடுருவிச் சென்ற பாதை அது. கூத்தாநல்லூருக்குச் சில மைல் மேற்கே அந்தப் படை கடந்து சென்றது. சுமார் 150 மைல், பதினைந்து நாள். சித்திரை வெயிலில் நாளுக்குப் பத்து மைல் நடை.

அப்போது தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். தொண்டர்களைத் தடியால் அடித்து விரட்டுவதைவிடப் பட்டினி போட்டுத் திருப்பி அனுப்புவது மேல் என்று அவர் எண்ணினார் போலும். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் ஆறு மாதம் சிறை செல்ல நேரும் என்று ஊரூராக அறிவிப்புச் செய்தார். விருந்தோம்பலைக் குற்றமாக்கிய அறிவிப்பு அது.

காவிரி நாட்டு மக்கள் அதற்குத் தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். வீட்டில் வைத்துப் போட்டால்தானே குற்றம்? சாலை ஓரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. ஒதுக்குப்புறமான இடங்களில் சோறு காத்திருந்தது. யார் சமைத்தார்கள், யார் கட்டினார்கள் என்று போலீசாருக்குத் தெரியவில்லை. வெளிப்படையாகவே வரவேற்றுச் சோறு போட்டுச் சிறை சென்றவர்களும் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நாட்டில், உப்புக்காக நடந்தவர்களைப் பட்டினி போட எவரும் உடன்படவில்லை.

அகஸ்தியம்பள்ளி

ஏப்ரல் 28-ஆம் தேதி படை வேதாரண்யம் சேர்ந்தது. வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாடுகளையும் செய்து வைத்திருந்தார். ஏப்ரல் 30-ஆம் தேதி அதிகாலையில் ராஜாஜி ஒரு சிறு குழுவோடு அகஸ்தியம்பள்ளி உப்புச் சதுப்புக்குச் சென்று உப்பை அள்ளினார். உடனே கைது செய்யப்பட்டார். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அத்துடன் போர் ஓய்ந்துவிடும் என்று சர்க்கார் நினைத்திருந்தால் ஏமாந்துபோயிற்று. தலைவர் போன பிறகு தொண்டர்கள் அணி அணியாகச் சென்று உப்பள்ளினார்கள். உப்பை உள்ளங்கையில் வைத்து விரலை மூடிக்கொள்வார்கள். போலீசார் தடியால் அடித்து அந்தக் கையைத் திறக்கப் பார்ப்பார்கள். ஒரு பிடி உப்பின் விலை செப்புக் காசுகூட இராது. ஆனால் விரல்கள் எளிதில் திறக்கவில்லை. பெண்களும் பின்தங்கவில்லை. இங்கே சிறை புகுந்த ருக்மிணி லட்சுமிபதி அம்மாள், உப்புப் போரில் கைதான முதல் பெண்மணி என்று போற்றப்படுகிறார்.

ஊர் மக்கள் நடத்திய போர் வேறு விதமானது. போலீசாருக்குச் சாமான் விற்க மறுத்தார்கள். துணி வெளுக்க மறுத்தார்கள். வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். மிரட்டியும் பயனில்லை. சிறை செல்லச் சம்மதித்தாரே ஒழிய, மீதிச் சவரத்துக்குச் சம்மதிக்கவில்லை. அந்த எளிய தொழிலாளிக்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னம் எழுந்திருக்கிறது.

ஒரு நகரத்தில் தலைவர்கள் கூடிச் சட்டத்தை மீறுவது வேறு. ஒரு சிற்றூர் முழுவதுமே அச்சத்தை விடுவது வேறு. வேதாரண்யம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் வேதரத்தினம் பிள்ளையின் பல ஆண்டு உழைப்பு இருந்தது.

பறிபோனதும் கிடைத்ததும்

எதிர்பார்த்தபடியே பிள்ளை அவர்களும் கைதானார், சிறை சென்றார். அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. வாழையடி வாழையாக வந்த உப்புத் தொழிலுக்குப் பெருத்த அடி விழுந்தது. ஊரில் பெரிய குடும்பத்தின் தலைவராக இருந்தவர் கைதிகளில் ஒருவரானார்.

கிடைத்தது ஒரு பட்டம். சர்தார் என்றால் படைத்தலைவர் என்று பொருள். குஜராத்தில் பர்தோலி மக்கள் வல்லபாய் படேலுக்கு அளித்த அதே பெயரைத் தமிழ்நாட்டார் வேதரத்தினம் பிள்ளைக்கு அளித்தார்கள். சர்க்கார் தரும் ராவ் பகதூர் பட்டம் வீட்டு வாசலில் பலகையாகத் தொங்கும். இந்தப் பட்டம் மக்களின் நாவில் தங்கியது. சர்தார் என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயரைச் சொல்லுவாரில்லை.

1931 மார்ச் 5-ஆம் தேதி காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உப்பு விளையும் இடத்தையடுத்த கிராமத்தார், தம் வீட்டுக்கு வேண்டிய உப்பை எடுத்துக்கொள்ளலாம். தம் ஊருக்குள்ளே விற்கலாம் என்று அதில் ஒரு ஷரத்து. வெளியூரில் விற்க அனுமதி இல்லை. கடலோர ஏழைகளுக்கு இது ஒரு வெற்றி. ஆனால் கூத்தாநல்லூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு அந்த ஷரத்தால் பயன் கிடைக்கவில்லை. அகஸ்தியம்பள்ளிக்காரன் வாரிக்கொள்ளலாம், அதே ஜில்லாவில் நாற்று நடும் பெண் வரியோடு சேர்த்தே விலை கொடுக்க வேண்டும். வியர்வை இருவருக்கும் ஒன்றுதான். சட்டம் இரண்டாக இருந்தது.

அந்தக் குறையும் பின்னர் தீர்ந்தது. நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947 ஏப்ரல் மாதத்தில் உப்பு வரி ஒழிந்தது. தண்டியிலும் வேதாரண்யத்திலும் கை நீட்டியதற்குப் பதினேழு ஆண்டு கழித்து வந்த பலன் அது.

பெண்களுக்கு ஒரு குருகுலம்

போராட்டத்தில் தியாகம் செய்தவர்கள் பலர், பின்னர் அதைச் சொல்லிச் சொல்லியே காலம் கழித்ததுண்டு. வேதரத்தினம் பிள்ளை அப்படி இருக்கவில்லை. அவருடைய மனம் அடுத்த வேலைக்குச் சென்றது.

1944 பிப்ரவரி 22-ஆம் தேதி அன்னை கஸ்தூரிபா காவலில் இருந்தபோதே காலமானார். அவர் நினைவாக 1946-இல் வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தைப் பிள்ளை அவர்கள் தோற்றுவித்தார். கிராமத்துப் பெண் குழந்தைகளும் ஆதரவற்ற சிறுமிகளும் தங்கிப் படிப்பதற்கான இடம். படிப்போடு கைத்தொழிலும் ஒழுக்கமும் கற்க வேண்டும். பிறர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்பது நோக்கம். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே வீண் செலவு என்று பலர் எண்ணிய காலத்தில், கடலோரத்துக் கிராமத்தில் இப்படியொரு நிலையம் தொடங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தம் செல்வத்தை அதற்கே செலவிட்டார்.

சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்து தொகுதிக்காகப் பணி செய்தார். ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது சட்டசபை அல்ல, குருகுலமே. உப்பைக் கையில் எடுத்தது ஒரு நாள் செயல். குழந்தைகளைக் கைபிடித்து வளர்த்தது பல்லாண்டுத் தொண்டு. 1961 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அவர் மறைந்த பிறகும் குருகுலம் தழைத்து வளர்ந்தது. 1998-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

ஒரு சிட்டிகையின் மகிமை

சர்தார் மறைந்த காலத்தையொட்டி, உப்பைப் பற்றிய மற்றோர் உண்மையை விஞ்ஞானம் கண்டுகொண்டிருந்தது. வாந்திபேதி கண்டவனின் குடலில் தண்ணீர் தங்காது. உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டும். முன்பெல்லாம் காவிரி நாட்டில் ஊர் ஊராக உயிர்களை வாரிச் சென்ற நோய் இது. குடலில் சோடியமும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனாபிஸ் என்ற இந்திய டாக்டர் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களை மீட்டார். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் சாப்பாட்டு உப்புச் சேர்கிறது. ஒரு சிட்டிகை, ஒரு குழந்தையின் உயிரை நிறுத்துகிறது.

அதே உப்பு அளவு மீறினால் தீங்கும் செய்யும். உடம்பில் சோடியம் மிகுந்தால் நீரும் மிகும். இரத்த அழுத்தம் ஏறும். இதயத்துக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் அளவு. சாம்பாரில் போடுவது மட்டும் கணக்கல்ல. அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடையில் வாங்கும் வறுவல், ரொட்டி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. நாளெல்லாம் வயலில் வியர்த்தவனுக்கு ஏற்ற உப்பு, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் அவன் பேரனுக்கு ஆகாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரி. உப்பு மிஞ்சிய பண்டமும் குப்பைக்கே போக வேண்டும்.

எவ்வளவு உண்பது என்பதை அவரவர் உடம்பும் வைத்தியரும் முடிவு செய்யலாம். உண்ணலாமா கூடாதா என்பதை வரி வசூலிப்பவன் முடிவு செய்யக்கூடாது. வேதரத்தினம் பிள்ளை தம் தொழிலையே பணயம் வைத்து நிலைநாட்டப் பார்த்த நியாயம் அதுதான்.

அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பெடுத்த இடத்தருகே நினைவுத் தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ஆம் தேதி மக்கள் அங்கே கூடி உப்பை அள்ளி அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அன்று அந்தப் பிடி உப்புக்காகத் தடியடி பட்டவர்களும், சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்களும், தம்மிடம் இருந்ததையெல்லாம் முன்வைத்த வேதாரண்யத்து வணிகரும் நன்றிக்கு உரியவர்கள். சோற்றில் உப்பிடும் கை அவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது தகும்.